மூன்று சதவீதத்தின் கணக்கு: பெர்மண்ட்சியின் கெர்னல் டேபிள் பீர்

லண்டனின் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே பெர்மண்ட்சி பகுதியில், ரயில்பாதையைத் தாங்கி நிற்கும் செங்கல் வளைவுகளுக்குள் தயாராகும் கெர்னல் ஆலையின் டேபிள் பீரைப் பல ஆண்டுகளாக வாங்கிக் குடித்து வருகிறேன். பழுப்புத் தாளில் எளிய எழுத்துகளை அச்சிட்ட லேபிளைத் தவிர வேறு அலங்காரம் எதுவும் இல்லாத இந்தப் பாட்டிலில் ஆல்கஹாலின் அளவு ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒவ்வொரு தயாரிப்பிலும் அது சற்றுக் கூடும் அல்லது குறையும். அந்த அளவை மறைக்காமல் அப்படியே அச்சிடுகிறார்கள். சுவை ஒன்றுக்காகவே இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம் என்றாலும், இங்கிலாந்தின் சிறு பீர் ஆலைகள் எந்தெந்தத் திசையிலிருந்து நெருக்கப்படுகின்றன என்பதை இந்த ஒரு பாட்டிலின் அடக்கவிலையைப் பிரித்துப் பார்த்தே புரிந்துகொள்ளலாம் என்பதால், சுவையையும் கணக்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சுவை. கண்ணாடிக் குவளையில் ஊற்றும்போது வைக்கோல் நிறத்தில், லேசாகக் கலங்கியபடி, மேலே வெண்ணுரையுடன் வருகிறது. மூக்கருகே கொண்டுபோனதுமே, பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களின் மணம் எழுகிறது. பயன்படுத்திய ஹாப் வகையைப் பொறுத்து ஒரு முறை ஆரஞ்சுத் தோலையும், மறுமுறை மாம்பழத்தையும், இன்னொரு முறை பைன் மரப்பிசினையும் அது நினைவூட்டும். 6 சதவீதமுள்ள ஒரு பேல் ஏலிடம் (வெளிர்நிற பீர் வகை) எதிர்பார்க்கும் மணம் இதில் இருக்கிறது. குடித்தால் நாக்கில் கனமில்லை, ஆனால் தண்ணீராகவும் இல்லை. இறுதியில் வரும் கசப்பு சுத்தமாக, வாயைத் துடைத்துவிட்டாற்போல் நிற்கிறது. மிளகாய்த்தூள் தடவிய மீன் வறுவலோடு ஒரு பாட்டிலைக் குடித்து முடித்த பிறகும் தலை தெளிவாக இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கான பீர் என்ற பெயருக்கு இது முழுக்கப் பொருந்துகிறது.

ஆல்கஹால் குறைந்த பீரை நன்றாகச் செய்வது எளிதன்று என்பதை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பீரின் உடலும், அதாவது நாக்கில் உணரும் அடர்த்தியும், இனிப்பும் முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டிலிருந்து வருபவை. ஆல்கஹாலைக் குறைக்க மால்ட்டைக் குறைத்தால் பீர் மெலிந்துபோகும், அப்போது தயாரிப்பில் நேர்ந்த சிறு பிசகுகூட மறைந்துகொள்ள இடமின்றி வெளியே தெரியும். இதை ஈடுகட்ட, பொடித்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது நீரின் வெப்பத்தைச் சற்று உயர்த்திப் பிடிப்பது ஒரு வழி. அந்த வெப்பத்தில், ஈஸ்ட் உண்ணக்கூடிய எளிய சர்க்கரையை உருவாக்கும் நொதி விரைவில் செயலிழந்துவிட, ஈஸ்டால் உண்ண முடியாத பெரிய மூலக்கூறுகள் கூடுதலாக எஞ்சி நின்று பீருக்கு உடலைத் தருகின்றன. ஹாப்ஸில் மட்டும் கையைச் சுருக்க முடியாது, ஏனெனில் மணம் முழுவதும் அங்கிருந்தே வர வேண்டும்.

இங்கேதான் கணக்கு தொடங்குகிறது. 3 சதவீத பீர் என்றால் 6 சதவீத பீரில் பாதிச் செலவுதான் ஆகியிருக்கும் என்று வாங்குபவர் நினைப்பது இயல்பே. உண்மையில் மிச்சமாவது மால்ட்டின் ஒரு பகுதி மட்டுமே. கொதிக்க வைக்கும் எரிபொருள், கலன்களைக் கழுவும் நீரும் ரசாயனமும், ஆட்களின் கூலி, பாட்டில், மூடி, லேபிள், வாடகை ஆகிய எதுவும் ஆல்கஹாலைப் பார்த்துக் குறைவதில்லை. நொதிக்கலன் நிறைந்திருக்கும் நாட்களும் பெரிதாகக் குறைவதில்லை. ஒரு சிறு ஆலைக்கு மிக அரிய சரக்கு அந்தக் கலன் நாட்கள்தான். கெர்னல் தன் பீரைப் பாட்டிலுக்குள்ளேயே மறுமுறை நொதிக்க விடுகிறது. அடியில் ஈஸ்டின் வண்டல் மெல்லிய படலமாகத் தங்கியிருப்பதற்கு அதுவே காரணம். வாயு பாட்டிலிலேயே உருவாவதால் நுரை மென்மையாக இருக்கிறது என்பது குடிப்பவருக்குக் கிடைக்கும் நன்மை. ஆனால் அடைத்த பாட்டில்கள் விற்பனைக்குத் தயாராகும் வரை இதமான வெப்பத்தில் வைக்கப்பட வேண்டும். அந்த நாட்களெல்லாம் போட்ட முதல் முடங்கிக் கிடக்கிறது, இடமும் அடைபடுகிறது.

இந்த முறைக்கு ஒரு மறைமுகப் பலனும் உண்டு. 2021 செப்டம்பரில் இயற்கை எரிவாயுவின் விலை ஏறியதால் இங்கிலாந்தின் பில்லிங்ஹாமிலும் இன்ஸிலும் இருந்த இரண்டு உரத் தொழிற்சாலைகள் உற்பத்தியை நிறுத்தின. அவற்றின் துணைப்பொருளாகவே பிரிட்டனின் உணவுத்துறைக்கான கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கு வந்துகொண்டிருந்ததால், வாயுவைச் செலுத்தி நுரையேற்றும் ஆலைகள் திண்டாடின. பாட்டிலிலேயே நொதிக்கும் பீருக்கு அந்தத் தேவை வெகு குறைவு. அடுத்த ஆண்டு உக்ரைன் போர் மூண்டபோது மட்டும் தப்ப வழியில்லாமல் போயிற்று, ஏனெனில் பார்லி, கண்ணாடி, மின்சாரம், எரிவாயு ஆகிய நான்கும் ஒரே நேரத்தில் விலையேறின. கண்ணாடி உலைகள் எரிவாயுவில் எரிபவை. எனவே எரிவாயுவின் ஏற்றம் ஆலையின் கொதிகலனில் ஒரு முறையும், வெறும் பாட்டிலின் விலையில் மறுமுறையும் கையைக் கடித்தது.

ஹாப்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய மணம் தரும் சிட்ரா போன்ற வகைகள் பெரும்பாலும் அமெரிக்காவின் யகிமா பள்ளத்தாக்கிலிருந்து வருபவை. நல்ல சரக்கை உறுதிப்படுத்த வேண்டுமானால் அறுவடைக்கு முன்பே, சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே, ஒப்பந்தம் போட வேண்டும். விற்பனை சரிந்தாலும் ஒப்பந்தம் செய்த ஹாப்ஸை எடுத்தே ஆக வேண்டும். டாலருக்கு எதிராகப் பவுண்டு சரிந்தாலும் பணம் கட்டியே தீர வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் பப்புகள் எனப்படும் மதுக்கூடங்கள் மூடியிருந்தபோது சிறு ஆலைகள் பலவற்றின் கழுத்தை இறுக்கியவற்றுள் இந்த ஒப்பந்தங்களும் அடங்கும்.

அடுத்தது வரி, இந்தப் பாட்டிலின் கதையில் எனக்கு மிகவும் சுவையான பகுதி இதுதான். பிரிட்டனில் 2002ஆம் ஆண்டு, கோர்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது, ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர் (5 லட்சம் லிட்டர்) வரை தயாரிக்கும் ஆலைகளுக்குக் கலால் வரியில் பாதி தள்ளுபடி செய்யப்பட்டது. பெரிய ஆலைகளோடு அடக்கவிலையில் போட்டியிட முடியாத சிறியவர்களுக்கு அந்தப் பாதிதான் மூச்சுவிடும் இடம். 2006இல் யங்ஸ் நிறுவனம் வாண்ட்ஸ்வொர்த்தில் இருந்த தன் பழைய ஆலையை மூடியபோது லண்டனின் பீர் மரபே முடிந்துவிட்டதோ என்று பலர் வருந்தினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அதே நகரில் நூறுக்கு நெருக்கமான புதிய ஆலைகள் முளைத்ததில் இந்தத் தள்ளுபடிக்குப் பெரும்பங்கு உண்டு. கெர்னல் 2009இல் தொடங்கப்பட்டதும் அந்த அலையின் முற்பகுதியில்தான். அதன் நிறுவனர் எவின் ஓ'ரியோர்டன் அயர்லாந்துக்காரர். அதற்கு முன் நீல்ஸ் யார்ட் டெய்ரியில் பாலாடைக்கட்டி விற்றவர். அந்த வேலையாக நியூயார்க் சென்றபோது குடித்த அமெரிக்க பீர்களே அவரை இத்தொழிலுக்கு இழுத்தன.

2023 ஆகஸ்ட் 1 முதல் அந்த வரிமுறை மாறியது. எல்லா மதுவகைகளுக்கும் ஆல்கஹாலின் அளவை ஒட்டியே வரி என்றாயிற்று. மாற்றத்துக்கு முந்திய நாள் வரை 3 சதவீத பீருக்கும் 5 சதவீத பீருக்கும், அவற்றிலுள்ள ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு ஒரே வீதமாக 19.08 பவுண்டு வரி. மாற்றத்துக்குப் பின் 3.5 சதவீதத்துக்குக் குறைந்த பீருக்கு 9.27 பவுண்டாகவும், 3.5 முதல் 8.5 சதவீதத்துக்குக் குறைவானது வரை 21.01 பவுண்டாகவும் பிரிந்தது. அரை லிட்டர் டேபிள் பீரில் 15 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால் இருப்பதாகக் கொண்டால், சிறு ஆலைச் சலுகையைக் கழிக்கும் முன்னர் அதன் வரி ஏறக்குறைய 29 பென்ஸிலிருந்து 14 பென்ஸாக இறங்கியது. அதே அளவுள்ள 4.5 சதவீத பீருக்கு 47 பென்ஸ். வீதங்கள் அதற்குப் பிறகும் மாறியுள்ளன என்றாலும், 3.5 சதவீதத்தில் விழுந்த கோடு அப்படியே நிற்கிறது.

அந்தக் கோட்டின் விளைவைப் பெரிய நிறுவனங்கள் உடனே உணர்ந்துகொண்டன. பிரிட்டனில் விற்கப்படும் கார்ல்ஸ்பெர்க் பில்ஸ்னர் 3.8 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரிக்காக வலிமையைக் குறைத்த பீருக்கும், சாப்பாட்டோடு குடிப்பதற்கென்றே தொடக்கம் முதல் மெலிதாக வடிவமைத்த பீருக்கும் நாக்கில் பெரிய வேறுபாடு தெரிகிறது என்பது என் உறுதியான கருத்து. டேபிள் பீர் இந்த வரிக்கோடு பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, வலிமை கூடிய பீர்களுக்குள்ள அதே வீதத்தில் வரி செலுத்திக்கொண்டு விற்கப்பட்டு வந்தது. சட்டம் பின்னால் வந்து இந்த பீருக்குச் சாதகமாக அமைந்தது.

அதே சட்டம் அதே ஆலையின் இன்னொரு சரக்கைத் தண்டிக்கிறது. 1856ஆம் ஆண்டின் லண்டன் செய்முறையை ஒட்டி கெர்னல் தயாரிக்கும் இம்பீரியல் பிரவுன் ஸ்டவுட் கரிய, அடர்த்தியான, 9 சதவீதத்தைத் தாண்டும் பீர். புதிய முறையில் 8.5 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குச் சிறு ஆலைச் சலுகையே கிடையாது. வீதமும் லிட்டருக்கு 28.50 பவுண்டாக நிர்ணயிக்கப்பட்டது. 9.5 சதவீதம் எனக் கொண்டால் 330 மில்லிலிட்டர் கொண்ட சிறு பாட்டிலுக்கு வரி மட்டும் 89 பென்ஸ். மாதத்துக்கு ஒன்று என்று நிதானமாகக் குடிக்கப்படும் இந்த வகை, லண்டன் உலகுக்குக் கொடுத்த போர்ட்டர், ஸ்டவுட் மரபின் நேரடி வாரிசு. இதைச் சிறிய ஆலைகள்தான் இன்னும் காப்பாற்றி வருகின்றன. சலுகைக்கான உச்சவரம்பை இங்கே வைத்தது பெரும்பிழை என்றே கருதுகிறேன்.

பாட்டிலுக்கு இன்னொரு பாதகமும் இருக்கிறது. பப்புகளைக் காக்கும் நோக்கத்தில், 20 லிட்டரோ அதற்கு மேலோ கொள்ளும் பீப்பாய்களிலிருந்து ஊற்றி விற்கும் பீருக்கு மட்டும் தனிச் சலுகை தரப்படுகிறது. 2025 பிப்ரவரியில் அந்த வீதம் மேலும் குறைக்கப்பட்டபோது பாட்டில், கேன் பீர்களின் வரி விலைவாசியோடு சேர்ந்து உயர்ந்தது. பப்புகள் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பீப்பாய் பீருக்குச் சலுகை என்றால் அது பப்பின் குழாய் வரை போய்ச் சேரக்கூடியவர்களுக்கே பயன்படும். பிரிட்டனில் மிகப் பல பப்புகள் ஏதேனும் ஒரு பெரிய நிறுவனத்தின் சொத்து. அவற்றை எடுத்து நடத்துபவர் அந்த நிறுவனம் காட்டும் பட்டியலிலிருந்தே பீர் வாங்க வேண்டும் என்பது நெடுநாளைய ஏற்பாடு. பன்னாட்டு பீர் நிறுவனமான ஹைனெகன் 2017இல் பஞ்ச் நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ 1,900 பப்புகளை வாங்கியபோது அத்தனை இடங்களின் குழாய்களிலும் யாருடைய பீர் ஓட வேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் சேர்ந்தே கைமாறியது. தெருமுனைப் பப்பில் பக்கத்துத் தெரு ஆலையின் பீர் கிடைக்காமல் போவதற்குத் தரம் காரணமாக இருப்பது அரிது.

குழாயை அடைய முடியாத ஆலைக்கு எஞ்சியுள்ள வழிகளில் ஒன்று ஆலையையே விற்றுவிடுவது. லண்டனில் அந்தப் பட்டியல் நீளமானது. மீன்டைமும் கேம்டன் டவுனும் 2015இலும், லண்டன் ஃபீல்ட்ஸ் 2017இலும், ஃபோர்ப்யூர் 2018இலும் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போயின. பிரிக்ஸ்டன், பீவர்டவுன் ஆகிய இரண்டிலும் முதலில் பங்கு வாங்கிய ஹைனெகன், 2021இலும் 2022இலும் முறையே அவற்றை முழுவதுமாக எடுத்துக்கொண்டது. நூற்றாண்டு கடந்த ஃபுல்லர்ஸின் பீர்த்தொழிலையே 2019இல் ஜப்பானிய நிறுவனமான அசாஹி வாங்கியது. இவற்றின் பீர்களில் சில இன்றும் குடிக்கத் தகுந்தவையே. ஆயினும் வாடிக்கையாளர் கண்ணுக்கு அவை இன்னமும் சுயேச்சையான சிறு ஆலைகளாகவே தோன்றுகின்றன. பேரங்காடியின் அலமாரியில் அவை குறைந்த விலையில் அடுக்கப்பட்டிருக்கும்போது, பக்கத்தில் நிற்கும் உண்மையான சிறு ஆலையின் பாட்டில் பேராசை பிடித்த விலையில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது.

மற்றொரு வழி, ஆலையின் வாசலிலேயே விற்பது. இடைத்தரகர் இல்லை, போக்குவரத்து இல்லை, ஊற்றும் ஒவ்வொரு குவளையின் லாபமும் ஆலைக்கே. அதனால்தான் பெர்மண்ட்சியில் ரயில்பாதையை ஒட்டி, ஆலைகள் தம் பீரைத் தாமே ஊற்றி விற்கும் டேப்ரூம்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, 'பெர்மண்ட்சி பீர் மைல்' என்ற பெயரே ஏற்பட்டது. முதலில் அங்கே வந்த கெர்னல் எடுத்த முடிவு வியப்பானது. சனிக்கிழமைக் கூட்டம் கட்டுக்கடங்காமல் பெருகியபோது, வேலையிடம் மதுக்கூடமாக மாறுவதை விரும்பாமல், 2015 வாக்கில் அங்கேயே அமர்ந்து குடிப்பதை நிறுத்தி, எடுத்துச் செல்லும் விற்பனையை மட்டும் வைத்துக்கொண்டது. மிகுந்த லாபம் தரும் வரவைத் தானே குறைத்துக்கொண்ட அந்த முடிவை எந்தக் கணக்கரும் ஒப்பியிருக்க மாட்டார். பின்னாளில், தயாரிப்பிடத்திலிருந்து பிரித்து, தனியாக ஒரு டேப்ரூமைத் திறந்தது. அளவோடு நிற்பது என்ற அந்தப் பிடிவாதம்தான் பீரிலும் தெரிகிறது என்று நான் நம்புகிறேன்: புதுமை காட்ட வேண்டுமென்று பழச்சாறும் மிட்டாயும் சேர்த்த வகைகளை அடுக்காமல், ஒரு சில பீர்களையே ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வாசலில் விற்பதற்கு முதலில் வாசல் கையில் இருக்க வேண்டும். இந்த வளைவுகள் லண்டனின் முதல் ரயில்பாதையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டவை. 1836இல் ஓடத் தொடங்கிய லண்டன் - கிரீன்விச் பாதைக்கு 878 வளைவுகள். ஈரம் கசியும், மேலே ரயில் போகும்போது அதிரும் இந்த இடங்களை வேறு எவரும் விரும்பாததாலேயே வாடகை குறைவாக இருந்தது. கார் பழுதுபார்ப்பவர்களும், ரொட்டி சுடுபவர்களும், பீர் காய்ச்சுபவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2019 பிப்ரவரியில், ரயில்பாதைகளை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான நெட்வொர்க் ரெயில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த இத்தகைய ஏறக்குறைய 5,200 இடங்களைப் முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோனும் சொத்து நிறுவனமான டெலிரியல் டிரில்லியமும் சேர்ந்த கூட்டுக்கு 146 கோடி பவுண்டுக்கு நீண்டகாலக் குத்தகையாக விற்றது. வாடகை உயர்வை எதிர்த்து அதற்கு முன்பே வாடகைதாரர்கள் 'கார்டியன்ஸ் ஆஃப் தி ஆர்ச்சஸ்' என்ற அமைப்பாகத் திரண்டிருந்தார்கள். ஒரு பகுதிக்கு ஆட்களை வரவழைத்துப் பெயர் வாங்கிக் கொடுத்த சிறு தொழில்களே, அந்தப் பெயரால் ஏறும் வாடகைக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

2025 ஏப்ரலில் வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊழியர்களுக்காக முதலாளி கட்டும் தேசியக் காப்பீட்டு வீதம் 13.8இலிருந்து 15 சதவீதமாக உயர்ந்ததோடு, அது தொடங்கும் சம்பள வரம்பும் 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டாக இறங்கியது. மூன்று நான்கு பேரை வைத்திருக்கும் மிகச் சிறிய ஆலைக்கு வேறொரு சலுகை இதை ஈடுசெய்கிறது. பத்து, பதினைந்து பேரை வைத்திருக்கும் நடுத்தர ஆலைதான் இடையில் மாட்டிக்கொள்கிறது. உணவகம், மதுக்கூடம் போன்றவற்றுக்கான சொத்துவரித் தள்ளுபடி 75இலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது டேப்ரூம்களையும் தொட்டது. அதே ஆண்டில் கண்ணாடிக் கழிவுக்கான கட்டணம் டன்னுக்கு 192 பவுண்டு என்றாயிற்று. 350 கிராம் பாட்டிலுக்கு இது ஏறத்தாழ 7 பென்ஸ். விற்றுமுதலிலும் எடையிலும் வரம்பைத் தாண்டாத ஆலைகள் நேரடியாகக் கட்ட வேண்டியதில்லை என்பது ஆறுதல்.

இத்தனையும் தெரிந்த பிறகு கடையில் டேபிள் பீரின் விலையைப் பார்க்கும்போது அது எனக்கு அதிகமாகத் தோன்றுவதில்லை. பேரங்காடியின் நான்கு கேன் பொதியோடு ஒப்பிட்டால் பாட்டில் ஒன்றின் விலை கூடுதல்தான். வாங்கக் கட்டுப்படியாகாதவரைக் குறைசொல்ல முடியாது. கொடுக்கும் விலையில் ஆறில் ஒரு பங்கு மதிப்புக்கூட்டு வரியாகப் போகிறது. கடைக்காரரின் பங்கும் மொத்த வியாபாரியின் பங்கும் போன பிறகே ஆலைக்குரியது எஞ்சுகிறது. ஆகவே இயன்றவர்கள் ஆலையிலேயே வாங்குவது இரு தரப்புக்கும் நல்லது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இதன் உயிரே ஹாப்ஸின் மணம் என்பதால் இது காத்திருக்காது. வெளிச்சம் விழும் அலமாரியில் குளிரூட்டாமல் நீண்ட நாள் வைத்திருந்த ஒரு பாட்டிலை ஒருமுறை ஒரு சிறு கடையில் வாங்கினேன். கசப்பு இருந்தது, மணம் முற்றிலும் போயிருந்தது. தேதியைப் பார்த்து, குளிர்பெட்டியில் இருப்பதையே கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, ஊற்றும் முறை. பாட்டிலை நிமிர்த்தி வைத்துக் குளிரவிட்டு, குவளையைச் சாய்த்து, ஒரே ஓட்டமாக ஊற்றி, கடைசி ஒரு விரற்கடை அளவை வண்டலோடு பாட்டிலிலேயே நிறுத்திவிடுங்கள். அதையும் ஊற்றினால் கெடுதல் ஏதுமில்லை, ஈஸ்டின் சுவை சற்றுத் தூக்கலாக இருக்கும், அவ்வளவே. எனக்கு அது பிடிக்கும். மிகக் குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் வெளியே வைத்தால் ஆரஞ்சுத் தோலின் மணம் நன்றாக மேலெழுகிறது.